மாட்டு வேலைக்கென்று பூக்கேட்ட மெஷின்

கண்ணு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டனுப்பவில்லை. ஆயுத பூசைக்கு வருவேனா மாட்டேனா என்றுதான் கேட்டனுப்பினாய். அதுவும் நேரில் வந்தல்ல. அன்னூரில் உன் அக்கா ஊட்டுக்கு எதிரே இருக்கிற போன் கடைக்குப் பேசி, அவளைக் கூப்பிடச் சொல்லி, "அம்மா வந்து மெஷினுக்குப் பொட்டு வெக்காம நான் பூசை பண்ண மாட்டேன், சொல்லிப்போடு அக்கா" என்றாயாம். அவள் ரோட்டைத் தாண்டி வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. என் கண் கலங்கவில்லை. பேத்தியிடம் கோடு போட்ட தாள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். வாயால் சொன்னால் நீ பாதியிலேயே "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாய். தாளைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். உன் பெண்டாட்டி சரசுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் படி. ஒறம்பரை சனம் யார் வந்திருந்தாலும் கேட்டுவிட்டுப் போகட்டும். நான் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மறைத்தவன் நீ.

அம்மாவுக்கு மெஷின் என்றாலே ஆகாது, பழைய காலத்து ஆள், அதனால்தான் கோபித்துக்கொண்டு மகள் ஊட்டுக்குப் போய்விட்டாள் என்று கருமத்தம்பட்டி டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாயாமே. முதலில் அந்தப் பேச்சை நிறுத்து. நம் தோட்டத்துக்கு மெஷின் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தது யார்? நான். சாணி அள்ள வந்துகொண்டிருந்த பெண்டுகள் ஒவ்வொருத்தியாகப் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். மகராசிகள், நல்லாப் போகட்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிற வேலை இருக்கும்போது சாணிக்கூடையைத் தூக்க எவள் வருவாள்? கடைசியில் நானும் சரசுவும்தான் மிஞ்சினோம். ஈரச் சாணி என்ன கனம் என்று தூக்கினவளுக்குத்தான் தெரியும். கூடை இடுக்கில் ஒழுகுகிற தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும். மழைக்காலத்தில் எருக்குழிக்குப் போகிற வழி வழுக்கும், கை இரண்டும் மேலே இருக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. என் கழுத்து இன்றைக்கு இடது பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புகிறேன். கிழவிக்கு என்ன மரியாதை பார் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான் ஒருநாள் பொழுதோட நீ மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன் சாமி, சாணி அள்ளறதுக்கு வாளி வெச்ச டிராக்டரெல்லாம் வந்துருக்குதாமே. நாம ஒண்ணு பாக்கலாமா?" உன் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். "பாக்கலாமுங்கம்மா. நீங்களும் வாங்க. மாட்டு வேலை உங்களுக்குத்தான தெரியும். நீங்க பாத்து எதச் சொல்றீங்களோ அதுதான்" என்றாய். உன் சின்ன மாமன் கல்யாணத்தில் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டதையே இன்னும் மறக்காதவள் நான். நீ சொன்ன இந்த வார்த்தையை மறப்பேனா?

இரண்டு இடத்துக்குப் போனோம். முதலில் அன்னூர்ப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே வைத்திருந்தது பழைய டிராக்டர்தான். அதன் மூஞ்சியில் இரண்டு இரும்புக் கை, கை நுனியில் ஒரு வாளி. எல்லாம் கோயமுத்தூர் லேத்துப் பட்டறையில் அடித்தது. நீ டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, அது சாணி அள்ளுகிறதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்தேன். வாளி நிறைந்தால் முன்பக்கம் கனத்துப் பின் சக்கரம் லேசாகி ஈரத்தில் சும்மா சுற்றியது. அதற்கென்று பின்னால் ஒரு சிமெண்டுக் கட்டியைத் தொங்க விட்டிருந்தார்கள். வாளியின் உதடு தரைக் கல்லின் சந்தில் மாட்டி மாட்டி நின்றது. அந்த உதட்டில் பழைய டயர் ரப்பரை வெட்டிப் பிடித்தால் கல்லும் பெயராது, சாணியும் வழித்தாற்போல் வரும் என்று எனக்கு அங்கேயே தோன்றியது. உன்னிடம் சொன்னேன். "நல்ல ரோசனைங்கம்மா" என்றாய். உன் கண் அப்போதே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது இடம் கோயமுத்தூருக்கு வெளியே, பழைய மெஷின்களை வாங்கி விற்கிற ஒரு களம். அங்கேதான் அந்த மஞ்சள் மெஷின் நின்றது. ஆள் உயரச் சக்கரம், முன்னால் ஒரு வாளி, பின்னால் தேள் கொடுக்கு மாதிரி மடங்கின ஒரு கை. நான் ஊட்டிலிருந்து மாடு கட்டுகிற கயிறு ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். நம் கட்டுத்தறியில் மாடுகள் இரண்டு வரிசையாக நிற்கும், நடுவில் சாணி அள்ளுகிற சந்து, சந்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டுக் கூரையைத் தாங்குகிற கல்தூண். அந்தத் தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற அகலத்துக்கு அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தேன். நான் கயிற்றைப் பிரிக்கிறதைப் பார்த்து அந்த வியாபாரி சிரித்தான்.

"ஏனுங்க அம்மணி, கண்ணுக்குட்டி வாங்க வந்தீங்களா? மெஷினுக்கு மூக்கணாங்கயிறா?"

"மெஷின ஓட்டறவனப் பெத்தவ நானுங்க. வாளியக் கீழ எறக்குங்க, அளக்கோணும்."

"சக்கரத்த அளந்தாப் போதாதுங்களா?"

"சக்கரத்த மட்டும் உள்ள ஓட்டிக்கிட்டு வாளிய வெளிய கழட்டி வெச்சுட்டுப் போறதுன்னா போதுமுங்க."

அவன் வாளியை இறக்கினான். நீ சிரித்தாய், அன்றைக்கு உனக்கு என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது என்றுதான் நினைத்தேன். வாளி எப்போதும் சக்கரத்தைவிட அகலம். இல்லாவிட்டால் வாளி அள்ளாமல் விட்ட மண்மேல் சக்கரம் ஏறி ஏறிப் போகும். அந்த மஞ்சள் மெஷினின் வாளி என் முடிச்சைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு முழம் ஒரு முழம் போயிற்று. இதைப் படிக்கிற யாராவது நாளைக்கு மெஷின் வாங்கப் போனால் ஒன்று சொல்கிறேன். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அது போகிற வழியைப் பாருங்கள். எங்கே திரும்பும், திரும்ப முடியாவிட்டால் எவ்வளவு தூரம் பின்னாலேயே வர வேண்டும், கொட்டுகிற வண்டியின் பலகைக்கு மேலே வாளி எழும்புமா, கூரையில் இடிக்குமா என்று பாருங்கள். சோளத்தட்டுக் கட்டு தூக்க வாளி உதவாது, அதற்குச் சீப்பு மாதிரிப் பல் வேண்டும், கழட்டி மாட்ட முடிகிறதா என்று கேளுங்கள். சத்தத்தைக் காதைப் பொத்தாமல் கேளுங்கள். மிரண்ட மாடு மடியில் பால் இருந்தாலும் விடாது. எத்தனை குதிரை பலம் என்று கடைசியில் கேட்டால் போதும். கட்டுத்தறியில் குதிரை எதற்கு?

பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டேன், தோட்டத்தில் நிற்கிற நம் பழைய டிராக்டருக்குச் சின்ன வாளி போதும் என்று. நீ பெரியது வேண்டும் என்றாய். ஊட்டுக்கு வந்து கை கழுவுகிற வரைக்கும் பேச்சு ஓயவில்லை. "மாட்டு வேலைக்குத்தானுங்கம்மா. ஒருதரம் உள்ள போனா முச்சூடும் அள்ளிட்டு வந்துரும். தூணு ரெண்டத் தள்ளிப்போட்டு இரும்பு உத்தரம் குடுத்துக்கலாம்." நான் கேட்டேன், "தூணத் தள்ளினா கூரைய நீ தூக்கிப் புடிச்சுக்குவியா?" என்று. சரசு இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுச் சட்டியோடு நின்றவள், "அத்த, அம்மன் கோயல்ல பூக் கேட்டுடுங்க. எது வந்தாலும் அதோட உட்ருங்க ரெண்டு பேரும்" என்றாள். நீ உடனே சரி என்றாய். அவ்வளவு சீக்கிரம் நீ எதற்கும் சரி சொல்கிறவன் இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூக்கேட்பது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதை உன்னைவிடச் சின்ன வயதில் அறிந்தவர்கள் நம் ஊட்டில் இல்லை. உங்கப்பா எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக் கை காய்த்துப் போன காலம். கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. இஞ்சின் வைக்கிற மேடைக்குக் கல்லே கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்கப்புறம் அம்மனிடம் பூக்கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போல. வெள்ளை வந்தால் வைக்கலாம், சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம். பூசாரி குலுக்கிப் போட்டு, எடுக்கச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டார். நீதான் போனாய். அரைஞாண் கயிறு தவிர வேறு துணி இல்லை உன் உடம்பில். நீ எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தால் செவ்வரளி. உங்கப்பா முகம் செத்துப் போயிற்று. பூசாரிகூட, "சின்னப் பையன் வெளையாட்டா எடுத்துருப்பான், இன்னொருக்கா கேக்கலாமுங்க" என்றார். உங்கப்பா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எடுத்தது எம்பையன் கையிங்க. இன்னொருக்கா என்னத்தக் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் கவலைதான் ஓட்டினார். இறக்கின கல்லைத் தாண்டித் தாண்டித்தான் கிணற்றுக்குப் போனார். ஊரில் கேலி பேசினார்கள். இன்னொரு பொட்டலத்தில் என்ன இருந்தது என்று ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை. அந்தத் தோளில் உட்கார்ந்து வந்தவன் நீ.

நாம் கேட்கப் போன அன்றைக்கு, வெள்ளை வந்தால் மஞ்சள் மெஷின், சிவப்பு வந்தால் சின்ன வாளி என்று பேச்சு. என் விரல் நடுங்குகிறது, முடிச்சு நிற்காது என்று பொட்டலம் கட்டுகிறதை நீ வாங்கிக்கொண்டாய். "நீங்க உக்காருங்கம்மா, நான் பறிச்சுக் கட்டிக்கிட்டு வாரேன்" என்று கோயிலுக்குப் பின்னால் போனாய். நான் படியில் உட்கார்ந்து, சிவப்பு வரட்டும் என்று அம்மனைக் கேட்டேன். கேட்டேன் என்றால் கெஞ்சினேன். கும்பிட வந்திருந்த யாரோ ஒரு பெண் குழந்தை எடுத்துக் கொடுத்தது. வெள்ளை. உன் முகத்தைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய். மகன் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடக்கமாக நிற்கிறான் என்று எனக்குள் இளகிவிட்டது. "ஆத்தா சொல்லிப்போட்டா. மெஷின் வரட்டும். நானே மாட்டப் புளியமரத்தடிக்கு மாத்திக் கட்டறேன், நீ தூணத் தள்ளிக்கோ" என்றேன். எவ்வளவு மனசோடு சொன்னேன் தெரியுமா? எனக்குத் தோற்கப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் தோற்றதுகூட எனக்குத் தித்தித்தது.

எங்கம்மா ஊட்டு வழக்கம் ஒன்று உண்டு, அதை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. எடுக்காத பொட்டலத்தைக் கோயிலில் விட்டு வரக்கூடாது. விட்டால், இது வந்திருக்கலாமே என்கிற ஆசை அங்கேயே கிடந்து புழுங்கும். கொண்டுவந்து ஓடுகிற தண்ணீரில் பிரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நீ பூசாரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அரளி மாட்டுக்கு ஆகாது, தொட்டித் தண்ணீரில் விடக்கூடாது என்று வாய்க்கால் கோடிக்குப் போய்ப் பிரித்தேன். கையில் உதிர்ந்தது வெள்ளை. என் கண்தான் மங்கிவிட்டதோ என்று சேலை முந்தியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளை. வாய்க்கால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் போயிற்று. நான் திரும்பிப் பார்க்காமல் வரவில்லை. கடைசிப் பூ மதகில் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அன்றைக்குச் சோறு போடும்போது உன்னைக் கேட்டேன், உனக்கு நினைவிருக்கும். "செவ்வரளி எங்க கண்ணு பறிச்சே? கோயல்ல செடி பட்டுப்போச்சுன்னாங்களே." நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே, தலை தூக்காமல், "பொறத்தாண்ட ஒண்ணு இருக்குதுங்கம்மா, நல்லாப் பூத்துருக்குது" என்றாய். ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. உன்னைப் பெற்ற என் முன்னால் அவ்வளவு நிதானமாக உன்னால் பொய் சொல்ல முடியும் என்று அந்தத் தட்டுக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய மெஷின்மேல் அவ்வளவு ஆசை, மாட்டுக்குத்தானே வாங்குகிறான், தானாக ஒருநாள் வந்து சொல்லுவான் என்று உனக்காக நானே எனக்குள் வக்காலத்து வாங்கினேன்.

மெஷின் வந்தது. நான் சொன்னபடி மாட்டையெல்லாம் புளியமரத்தடிக்கு மாற்றிக் கட்டிவிட்டு, தூண் இடிக்க ஆள் வரும் என்று காத்திருந்தேன். ஆள் வரவில்லை. மெஷின் தோட்டத்துக்குள்ளேயே வராமல் ரோட்டோரம் நின்றது. விடிந்தால் நீ அதில் ஏறிப் போனாய், பொழுதோட செம்மண் அப்பின வாளியோடு திரும்பினாய். கேட்டால், "ரெண்டு நாள் வெளி வேலைங்கம்மா, வண்டி பழகோணுமில்ல" என்றாய். மாடு மழையில் நனையுதே என்று நானே மறுபடி உள்ளே ஓட்டிக் கட்டினேன். அந்தத் தூண் இன்னும் நிற்கிறது பார்த்தாயா? நான் தோற்றதற்குச் சாட்சியாக விழப்போகிறது என்று நினைத்த தூண், நீ பொய் சொன்னதற்குச் சாட்சியாக நிற்கிறது.

அப்புறம் ஒருநாள் நீ இல்லாதபோது, வெள்ளாமைக் காட்டையெல்லாம் வாங்கி ஊடு கட்டச் சைட் போட்டு விற்கிறாரே அந்த வெள்ளைச் சட்டைக்காரர், அவர் வந்தார். மோர் கொடுத்தேன்.

"உங்க பையன் வார்த்த சுத்தமுங்க" என்றார். "ஆடி நோம்பிக்கு முன்னாலயே எங்க வேலைய ஒத்துக்கிட்டாரு. மெஷினோட வாரேன்னாரு, சொன்னாப்புடி வந்துட்டாரு. எங்க சைட்டு முச்சூடும் அவருதானுங்க மட்டம் பண்றது."

"மாட்டுக்குச் சாணி அள்ளன்னு வாங்குனதுங்க அது."

அவர் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. "சாணி அள்ளவா? நெம்பக் குசும்புங்க உங்களுக்கு. யானைய வெச்சு யாராவது பூப் பறிப்பாங்களா?"

ஆடி நோம்பிக்கு முன்னால். நாம் அன்னூருக்குப் போனதும், நான் கயிற்றில் முடிச்சுப் போட்டதும், கோயில் படியில் உட்கார்ந்து கெஞ்சினதும் எல்லாம் ஆவணியில். நீ எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் என்னை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அந்த வியாபாரி முன்னால் நான் வாளியை அளந்தபோது நீ சிரித்தாயே, பெருமையில் இல்லை. அந்த வாளி நம் கட்டுத்தறிப் பக்கமே வரப்போவதில்லை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெரிய வாளியா சின்ன வாளியா என்று நான் வாய் வலிக்கப் பேசினேன். நீ பேசினது மாட்டைப் பற்றியே இல்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கொடுத்த வார்த்தை சுத்தம். அம்மனுக்கும் அம்மாவுக்கும் கொடுத்ததுதான் பொய்.

அதையும் பொறுத்திருப்பேனோ என்னவோ. மறுநாள் விடியற்காலை கட்டுத்தறிக்குப் போனேன். சரசு எனக்கு முன்னால் வந்து, கூடையைத் தலையில் ஏற்றிவிட்டாள். "குடு அம்மணி" என்று கையை நீட்டினேன். "விடுங்கத்த, உங்களுக்குக் கழுத்து ஆகாது" என்று திரும்பினாள். கழுத்தை மட்டும் திருப்பவில்லை கண்ணு. முழு உடம்போடு திரும்பினாள். இந்த வயதில் அவளுக்கு அப்படித் திரும்ப வேண்டிய அவசியம் என்ன? "அவன்கிட்டச் சொல்லலையா?" என்றேன். "சொன்னங்கத்த. சைட்டு வேல முடியட்டும்னாருங்க" என்றாள். அந்தக் கூடையை இறக்கத்தான் நான் மெஷின் கேட்டேன். மெஷின் வந்தது, கூடை இறங்கவில்லை, ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போயிற்று. அன்றைக்குத்தான் துணிப்பையை எடுத்துக்கொண்டு அன்னூர் பஸ் ஏறினேன்.

நீ வந்து கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, பண்ணையத்துல ஒண்ணும் நிக்கறதில்லீங்க, மெஷின வெளிய ஓட்டுனாத்தான் பிள்ளைகளக் கரையேத்த முடியும்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? வைதிருப்பேன். உங்கப்பா பேரைச் சொல்லி ஒரு மூச்சு அழுதிருப்பேன். இரண்டு நாள் சோறு தின்றிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் எழுந்து, "போய் வாங்கிக்கோ, மாட்டுக்கு ஒரு சின்ன வாளி அடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றிருப்பேன். உனக்கு அந்த இரண்டு நாளைத் தாங்கத் தைரியமில்லை. அதற்குப் பதிலாக அம்மனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். என்னை ஏமாற்றினாய், சரி, உலகத்தில் நடக்காதது இல்லை. நான் இருக்கிற வரைக்கும் அதை நினைத்து உன்னைக் கரித்துக்கொட்டிவிட்டுப் போவேன். ஆனால் ஒரு குழந்தை கையை வைத்து, எதை எடுத்தாலும் ஒன்றே வரும்படி செய்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய் பார். உன் கையையும் ஒருநாள் அப்படி நம்பினவர் உங்கப்பா.

இப்போது நான் சொல்கிறதைக் கேள். கட்டுத்தறியில் நிற்கிற மாடு எல்லாம் என் கல்யாணத்துக்கு எங்கம்மா ஊட்டில் சீராக ஓட்டிவிட்ட கிடாரியின் வம்சம். சினை ஊசி போட்டுப் போட்டு நிறம் மாறிவிட்டது, ஆனாலும் அதுகளின் காதில் அந்தக் கிடாரிதான் தெரிகிறது. அதுகள் என்னுடையது. உன் அக்கா தோட்டத்தில் மாடு கட்டுகிற சாளை ஒன்று காலியாக இருக்கிறது. மருமகன் தன் டிராக்டருக்குப் பட்டறையில் வாளி அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சாளை வாசலை அளந்து அதே கயிற்றில் நான் புதிதாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்பி, அதற்குத் தக்க அகலத்தில் அடித்தது. உதட்டில் டயர் ரப்பர். பின்னால் கட்ட ஒரு பழைய ஆட்டுக்கல். ஒருநாள் முழுக்க நின்று பார்த்தேன், சாணி வழித்தாற்போல் வருகிறது. ஆயுத பூசை அன்றைக்குக் காலையில் லாரியோடு வருகிறேன். மாட்டை ஏற்றிக்கொண்டு போகிறேன். சரசு, கேட்டுக்கொள் அம்மணி, அன்றையிலிருந்து உன் தலையில் கூடை ஏறாது.

மாடு தானாக ஏறிவிடும். கிணற்றடியில் இருக்கிற கல்தொட்டிதான் ஏறாது. ஒரே கல்லில் குடைந்தது, உங்கப்பா அதை இறக்கினபோது ஊரே வந்து பிடித்தது, இன்றைக்குக் கூப்பிட்டால் வர ஆள் இல்லை. அந்தத் தொட்டி இல்லாமல் என் மாடு தண்ணீர் குடிக்காது. அதனால் அன்றைக்கு உன் மெஷினை ரோட்டோரம் நிறுத்தாதே. கிணற்றடி வரைக்கும் வழி அகலம்தான், நான் நடந்து பார்த்திருக்கிறேன். வாளியால் நெம்பாதே, தொட்டியின் விளிம்பு உடைந்துவிடும். சங்கிலிக்கு அடியில் சாக்கு கொடுத்துச் சுற்றிக் கட்டித் தூக்கு. ஆளை வைத்து ஓட்டாதே, நீயே ஓட்டு. மாட்டு வேலைக்கென்று அம்மன் முன்னால் சொல்லி வாங்கின மெஷின், மாட்டுக்காக ஒரு வேலையாவது செய்துவிட்டுப் போகட்டும். நீ சொன்னதை அந்த ஒரு தடவைக்காவது நிஜமாக்கி வைக்கத்தான் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. தொட்டி லாரியில் உட்கார்ந்த பிறகு மெஷினுக்கு என் கையாலேயே பொட்டு வைக்கிறேன். அதற்கப்புறம் அது எந்தக் காட்டை வேண்டுமானாலும் மட்டம் பண்ணட்டும், நான் கேட்க மாட்டேன்.

பொரி கடலை நீ வாங்கி வை. வாளிக்குப் போடுகிற மாலையை மட்டும் நீ வாங்காதே, நானே கட்டிக்கொண்டு வருகிறேன். விரல் நடுங்கினாலும் பரவாயில்லை. இங்கே உன் அக்கா ஊட்டு வேலியில் செவ்வரளி நன்றாகவே பூத்திருக்கிறது.

அம்மா